வாயில் சொட்டா, தொடையில் ஊசியா?

இங்கே மலேசியாவில், பினாங்கு மாநிலத்துப் பிறை ஊரிலிருந்து அக்கா மகள் போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தாள். இடுப்பில் பையன், கையில் அவனுடைய ரெக்கார்டு புத்தகம். நான் அப்போதுதான் தோசைக்கு மாவு கரைத்து வைத்திருந்தேன். பாத்திரத்தை ஓரமாக நகர்த்திவிட்டு மேசையில் புத்தகத்தை விரித்தாள்.

"சின்னம்மா, இதுல எங்கேயாவது சொட்டு மருந்து போட்டதா இருக்கா பாருங்க."

இல்லை. பிறந்த அன்று காசநோய்க்கான பிசிஜி, ஹெப்படைட்டிஸ் பி. 2, 3, 5 மாதங்களில் ஆறு நோய்களுக்கு ஒரே ஊசி. 9, 12 மாதங்களில் தட்டம்மை வகைகளுக்கான எம்எம்ஆர். ஒவ்வொரு வரியிலும் கிளினிக் மிஸ்ஸியின், அதாவது நர்ஸின், கிறுக்கல் கையெழுத்து. எல்லாம் ஊசி. அந்த ஆறு நோய்களில் ஒன்றாகப் போலியோவும் உள்ளேயே இருக்கிறது. 18 மாதத்தில் இன்னொன்று போட்டால் கணக்கு முடிந்தது. பையனுக்கு இப்போது 13 மாதம்.

பிரச்சினை எங்கே கிளம்பியது என்றால், திருச்சியில். அவள் வீட்டுக்காரர் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறார், சொந்த ஊர் உறையூர். பையனுக்குச் சமயபுரத்தில் மொட்டையடித்துக் காது குத்த ஆறு வாரம் போகிறார்கள். நாத்தனார் வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு அனுப்பியிருக்கிறார்: "பிள்ளைக்கு ஒரு தடவைகூடச் சொட்டு மருந்து போடலையா? என்ன ஊரு அது? இங்க வந்ததும் முகாம்ல போட்டுடலாம்."

போடலாமா, வேண்டாமா என்பதுதான் கேள்வி. அரசு மருத்துவமனை லேப்பில் 28 வருஷம் ரத்தமும் மலமும் பார்த்த சின்னம்மாவுக்குத் தெரியாமலா இருக்கும் என்று நினைத்து வந்துவிட்டாள். நான் டாக்டர் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிட்டேன். ஆனால் இரண்டு வகை மருந்தும் உடம்புக்குள் எங்கே போய் என்ன செய்கின்றன என்பது எனக்குப் பிடித்த விஷயம். தோசை வார்த்துக்கொண்டே சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன்.

நம் மொழியே இதில் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. தடுப்பூசி என்கிறோம்; வார்த்தைக்குள்ளேயே ஊசி இருக்கிறது. வாயில் விடுவதைத் தடுப்பூசி என்று சொல்ல நா வராது, அது சொட்டு மருந்து. ஏதோ ஊசிதான் உசத்தி, சொட்டு சும்மா துணைக்கு என்பது போல. ஆனால் கிருமி எந்த வழியாக உடம்பைச் சந்திக்கிறதோ அந்த வழியில்தான் உடம்பு காவல் போடும். அதனால் வழி என்பது சின்ன விவரம் இல்லை.

போலியோ கிருமி வாய் வழியாக வருகிறது. தொண்டையிலும் குடலிலும் பெருகுகிறது, மலத்தில் வெளியேறுகிறது, கழுவாத கையில் ஏறி அடுத்த வாய்க்குப் போகிறது. சிலருக்கு ரத்தத்துக்குத் தாவுகிறது. தொற்றியவர்களில் ஏறக்குறைய 200 பேரில் ஒருவருக்கு நரம்புக்குள் புகுந்து காலை முடக்குகிறது. மற்றவர்களுக்குக் காய்ச்சல், தொண்டைவலி, அல்லது ஒன்றுமே தெரியாது. ஒன்றும் தெரியாதவர்கள்தான் அதை ஊர் முழுக்க நடத்திக் கொண்டுபோகிறவர்கள்.

இப்போது நம் அடுக்குமாடி ஃபிளாட்டை நினைத்துக்கொள்ளுங்கள். கீழே கேட்டில் ஒரு ஜாகா, அதாவது காவலாளி. மேலே ஒவ்வொரு வீட்டுக்கும் கிரில் கதவு. ஊசி என்பது கிரில். திருடன் உங்கள் வீட்டுக்குள் வரமாட்டான். ஆனால் காரிடாரில் சுற்றிக்கொண்டே இருப்பான், அடுத்த வீட்டில் பூட்டு இல்லை என்றால் அங்கே நுழைவான். சொட்டு மருந்து என்பது கேட்டில் நிற்கும் ஜாகா. பெரும்பாலும் உள்ளேயே விடமாட்டார்.

லேப் பாஷையில் சொன்னால் இப்படி. தொடையில் ஊசி போட்டால், செத்த கிருமியின் துணுக்குகள் பக்கத்தில் இருக்கும் நிணநீர்க் கணுவுக்குப் போகின்றன. "தொடையிடுக்குல நெறி கட்டியிருக்கு" என்று பாட்டி சொல்வாரே, அந்த இடம்தான். அங்கே தயாராகும் ஆன்டிபாடி, அதாவது கிருமியைப் பிடிக்கும் புரதம், பெரும்பாலும் ஐஜிஜி வகை. ரத்தத்தில் நிறைய இருக்கும். கிருமி குடலைத் தாண்டி ரத்தத்தில் கால் வைத்தால் பிடித்துவிடும், நரம்பு வரை போகவிடாது. ஆனால் ரத்தத்தில் இருக்கும் காவலாளி குடலின் உள்பரப்புக்கு வருவது கொஞ்சம்தான்.

சொட்டு வேறு கதை. அதில் இருப்பது உயிருள்ள, பலவீனப்படுத்தப்பட்ட கிருமி. நிஜக் கிருமி வரும் அதே வாசல் வழியாகப் போய் குடலில் உட்கார்ந்து பெருகுகிறது. குடல் சுவரில் பேயர் திட்டுகள் என்று அங்கங்கே சின்னச் சின்னப் போலீஸ் பீட் மாதிரி இடங்கள் உண்டு. அங்கே கிருமியைப் பார்த்துப் பழகும் செல்களுக்கு ஒரு முகவரி முத்திரை குத்தப்படுகிறது. அந்த முத்திரைக்கு மை எது தெரியுமா? வைட்டமின் ஏ. குடலில் கிருமியைப் பிடித்துக் காட்டும் டென்ட்ரிட்டிக் செல்கள் வைட்டமின் ஏ-யை ரெட்டினாயிக் அமிலமாக மாற்றி, "நீ குடலுக்குத்தான் திரும்பி வர வேண்டும்" என்று அந்தச் செல்களில் எழுதி அனுப்புகின்றன. அவை ரத்தத்தில் ஒரு சுற்று சுற்றிவிட்டுக் குடல் சுவருக்கே வந்து உட்கார்ந்து, ஐஜிஏ என்ற இன்னொரு வகை ஆன்டிபாடியை உள்பரப்பில் ஊற்றுகின்றன. நம் உடம்பு ஒரு நாளில் மற்ற எல்லா ஆன்டிபாடியையும் சேர்த்துச் செய்வதைவிட இந்த ஐஜிஏ-வைத்தான் அதிகம் செய்கிறது. இதை முதல் தடவை படித்த அன்று சாயங்காலம் முருங்கைக்கீரையை நான் பார்த்த பார்வையே வேறு.

தொடைக் கணுவில் இந்த முத்திரை கிடைக்காது. அங்கே தயாராகும் செல்களுக்குக் குடல் எந்தப் பக்கம் என்றே தெரியாது.

கோவிட் காலத்தில் நாம் எல்லோரும் இதை அனுபவித்தோம். இரண்டு ஊசி, சிலர் மூன்று ஊசி போட்டோம். 2022 தொடக்கத்தில் ஒமிக்ரான் வந்தபோது வீடு வீடாக மூக்கு ஒழுகியது. "ஊசி போட்டும் வந்துடுச்சே, அப்புறம் எதுக்கு ஊசி?" என்று மார்க்கெட்டில் கேட்காத ஆள் இல்லை. ஒமிக்ரான் உருமாறி வந்தது ஒரு காரணம். இன்னொரு காரணம் இந்த வழிக் கணக்கு. கைத்தசையில் போட்டது ரத்தத்துக்கும் நுரையீரலின் அடிப்பகுதிக்கும் நல்ல காவல், மூக்கு வாசலில் காவல் குறைவு. ஆஸ்பத்திரிக்குப் போகாமல் வீட்டிலேயே ரசம் குடித்துக் குணமானோம் என்றால் கிரில் வேலை செய்தது என்று அர்த்தம்.

சரி, ஜாகா இவ்வளவு நல்லவர் என்றால் மலேசியா ஏன் சொட்டை விட்டுவிட்டு 2008-இல் ஊசிக்கு மாறியது?

ஜாகாவே எப்போதாவது திருடனாக மாறுவதால். சொட்டில் இருப்பது உயிருள்ள கிருமி. மிக அபூர்வமாக, ஏறக்குறைய 27 லட்சம் டோசுக்கு ஒன்று என்ற கணக்கில், அதுவே முடக்குவாதத்தை உண்டாக்கிவிடும். நிஜப் போலியோ ஊரில் சுற்றும்போது இந்த ஆபத்து தூசு. போலியோவே இல்லாத ஊரில் அந்த ஒரு பிள்ளையின் அம்மாவுக்கு என்ன பதில் சொல்வது? மலேசியாவில் கடைசியாக 1992-இல் போலியோ வந்தது. 2000-இல் நம் வட்டாரம் முழுவதும் போலியோ இல்லாத பகுதி என்று உலகச் சுகாதார நிறுவனம் அறிவித்தது. ஊசிக்கு மாறியது நியாயமான முடிவு என்றுதான் நான் அப்போதும் நினைத்தேன், இப்போதும் நினைக்கிறேன்.

ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு, அதை 2019 டிசம்பரில் நம் சபா மாநிலத்தில் பார்த்தோம். துவாரானில் மூன்று மாதக் குழந்தைக்குப் போலியோ. 27 வருஷம் கழித்து. அது இயற்கையில் சுற்றும் காட்டுக் கிருமி இல்லை; சொட்டு மருந்திலிருந்து வெளியேறி, தடுப்பு மருந்து போடாத பிள்ளைகள் வழியாகக் குடல் குடலாகத் தாவி, பழைய முரட்டுக் குணத்தைத் திரும்பப் பெற்ற கிருமி. மரபணுவைப் பார்த்தபோது பிலிப்பைன்ஸில் சுற்றிய கிருமியோடு ஒத்துப்போனது. இங்கேதான் வேடிக்கை: சொட்டிலிருந்து வந்த கிருமியை அடக்க, ஊசி நாடான மலேசியா திரும்பவும் சொட்டு மருந்தைத்தான் கையில் எடுத்தது. கிருமி காரிடாரில் நடமாடும்போது கிரில் போதாது, கேட்டுக்கு ஆள் வேண்டும்.

இஸ்ரேலில் 2013-இல் நடந்தது இன்னும் தெளிவான பாடம். அங்கே பிள்ளைகளுக்கெல்லாம் ஒழுங்காக ஊசி போடப்பட்டிருந்தது. ஒருத்தருக்கும் கால் முடங்கவில்லை. ஆனால் சாக்கடை நீரைச் சோதித்தபோது காட்டுப் போலியோ கிருமி. அதாவது நூற்றுக்கணக்கான ஆரோக்கியமான குடல்கள் வழியாக அது ஓசைப்படாமல் ஊர்வலம் போய்க்கொண்டிருந்தது. அவர்களும் சொட்டு முகாம் நடத்தித்தான் நிறுத்தினார்கள். சாக்கடைத் தண்ணீரைச் சோதிக்கிற வேலையைக் கேவலமாக நினைக்கிறவர்களுக்கு நான் சொல்லும் உதாரணம் இது.

ஆக அவளிடம் நான் சொன்னது: ஊசி பிள்ளைக்கு, சொட்டு ஊருக்கு. மூன்று ஊசி முடிந்த பிள்ளைக்கு ரத்தத்தில் காவல் கிட்டத்தட்ட முழுமை. திருச்சிக்குப் போவதால் அவன் கால் முடங்கிவிடும் என்று பயப்பட ஒரு காரணமும் இல்லை. இந்தியாவில் காட்டுப் போலியோ கடைசியாக 2011 ஜனவரியில் வந்தது, 2014-இல் ஒழிந்ததாகச் சான்றிதழும் கிடைத்துவிட்டது. நாத்தனார் பயப்படுவது பழைய பயம். ஆனால் அவர் கோபத்தில் ஒரு நியாயமும் உண்டு. 1995-லிருந்து பஸ் ஸ்டாண்டிலும் ரயில் நிலையத்திலும் பந்தல் போட்டு, பிள்ளைகளின் இடது சுண்டுவிரலில் மை வைத்து, சொட்டு சொட்டாகப் போலியோவை விரட்டிய ஊர் அது. அந்த மையைப் பார்க்காத பிள்ளை அவர் கண்ணுக்குப் பாதி வேலை முடிந்த பிள்ளை.

அப்போது அவள் ஒரு நல்ல கேள்வி கேட்டாள். "ரெண்டும் போட்டா இன்னும் நல்லதுதானே சின்னம்மா?"

இதற்குப் பதில் சொல்ல வேலூர் வரை போக வேண்டும். சொட்டு மருந்து பணக்கார நாடுகளில் மூன்று டோசில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பிள்ளைகளுக்குப் பிடித்துக்கொள்ளும். வேலூர் சிஎம்சி மருத்துவமனையில் டாக்டர் டி. ஜேக்கப் ஜான் 1970-களிலேயே பார்த்துச் சொன்னார், நம் பிள்ளைகளுக்கு அந்த மூன்று டோஸ் போதவில்லை என்று. குடலில் ஏற்கனவே வேறு கிருமிகள் கூட்டம் போட்டிருந்தால், வயிற்றுப்போக்கு இருந்தால், சொட்டில் வரும் கிருமிக்கு உட்கார இடம் கிடைப்பதில்லை. அதனால்தான் அங்கே பிள்ளைகளுக்குத் திரும்பத் திரும்பப் பத்து, பதினைந்து தடவைகூடச் சொட்டு விட்டார்கள். வாய் வழி என்பது இயற்கையான வழிதான், ஆனால் அந்த வழியில் டிராஃபிக் அதிகம். ஊசிக்கு அந்தத் தொல்லை இல்லை. தொடைக்குள் யாரும் வரிசையில் நிற்கவில்லை.

அதே வேலூரில் 2014-இல் வெளியான இன்னொரு ஆய்வுதான் எனக்கு இந்த விஷயத்திலேயே பிடித்த ஒன்று. ஏற்கனவே சொட்டு குடித்த பிள்ளைகளுக்கு ஒரே ஒரு ஊசி போட்டுப் பார்த்தார்கள். குடலின் காவல் கூடியது! ஊசி குடலுக்குப் போகாது என்று இவ்வளவு நேரம் சொன்னேனே, இது எப்படி? முத்திரை குத்திய செல்கள் முன்பே குடலில் பழகி, அப்புறம் தூங்கிக்கிடக்கின்றன. ஊசி அவற்றை எழுப்பிவிடுகிறது. எழுந்தவை பழைய முகவரிக்கே போகின்றன. ஆனால் சொட்டையே பார்க்காத பிள்ளைக்கு ஊசி போட்டால் எழுப்ப அங்கே யாரும் இல்லை. முதலில் எந்த வழியில் சந்தித்தோம் என்பது அவ்வளவு ஆழமாகப் பதிந்துவிடுகிறது. இந்தியா 2015 கடைசியில் ஊசியையும் அட்டவணையில் சேர்த்ததால் இப்போது அங்கே பிள்ளைகளுக்கு இரண்டுமே கிடைக்கின்றன.

எங்கள் பையனுக்கு வரிசை தலைகீழ்: முதலில் ஊசி, அப்புறம் சொட்டு. இதிலும் ஒரு லாபம் உண்டு. ரத்தத்தில் காவல் முன்பே இருப்பதால், சொட்டுக் கிருமியால் முடக்குவாதம் வரும் அந்த அபூர்வ ஆபத்து இவனுக்குக் கிட்டத்தட்ட கிடையாது. இப்படி ஊசியில் தொடங்கிச் சொட்டில் முடித்த நாடுகளும் உண்டு. ஒரு குறையும் சொல்ல வேண்டும்: 2016 ஏப்ரலிலிருந்து உலகம் முழுக்க வழக்கமான சொட்டில் இரண்டாம் வகைப் போலியோ கிடையாது, ஒன்றும் மூன்றும் மட்டும்தான். இவனுக்குப் போட்ட ஊசியில் மூன்று வகையும் இருக்கின்றன. அதனால் சொட்டு ஊசிக்கு மாற்று ஆகாது, மேல்சேர்க்கை மட்டும்தான்.

இதுவரை கேட்டால் "போட்டுத்தான் பார்ப்போமே" என்றுதான் தோன்றும். வேறு வீடாக இருந்தால் நானும் அதையே சொல்லியிருப்பேன்: முகாம் நடந்தால் போட்டுக்கொள், நடக்காவிட்டால் தேடி அலையாதே.

இந்த வீட்டில் அத்தான் இருக்கிறார். பையனின் தாத்தா. ஆறு வருஷத்துக்கு முன் சிறுநீரகம் மாற்றியவர். உடம்பு புதுச் சிறுநீரகத்தை எதிர்க்காமல் இருக்க, எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மாத்திரை தினமும் சாப்பிடுகிறார். சொட்டு குடித்த பிள்ளையின் மலத்தில் அந்தக் கிருமி நாலு முதல் ஆறு வாரம் வரை வெளியேறும். ஆரோக்கியமானவர்களுக்கு அது நல்லதுகூட, இலவசமாகக் கொஞ்சம் தடுப்புச் சக்தி. எதிர்ப்புச் சக்தி அடக்கப்பட்டவர் உடம்பில் அதே கிருமி இறங்க மாட்டேன் என்று மாதக்கணக்கில் உட்கார்ந்துவிடலாம். அதனால் இப்படிப்பட்டவர் இருக்கும் வீட்டில் பிள்ளைகளுக்குச் சொட்டு வேண்டாம், ஊசியே போதும் என்பது பழைய விதி. அத்தானின் ஸ்பெஷலிஸ்டிடம் கேட்டாள். அவரும் அதையேதான் சொன்னார்.

ஒரே பிள்ளை, ஒரே மருந்து. தாத்தா வீட்டில் இல்லை என்றால் ஒரு முடிவு, இருந்தால் வேறு முடிவு. வாட்ஸ்அப்பில் வரும் "சொட்டு நல்லது", "சொட்டு ஆபத்து" இரண்டும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதனால்தான்.

மற்ற ஊசிகளைப் பற்றியும் அவள் பட்டியல் கொண்டு வந்திருந்தாள். மூத்தவளுக்கு ஏழு வயது, ஃப்ளூவுக்கு மூக்கில் அடிக்கும் ஸ்பிரே போடலாமா என்று கேட்டாள். இங்கிலாந்தில் இருக்கும் தோழி சொன்னாளாம், அங்கே பள்ளிப் பிள்ளைகளுக்கு மூக்கில்தான் என்று. உண்மைதான். அதில் இருப்பது குளிர்ச்சியில் மட்டும் பெருகப் பழக்கப்பட்ட உயிருள்ள கிருமி. மூக்கின் குளிர்ச்சியில் வளரும், நுரையீரலின் சூட்டில் அவ்வளவாக வளராது. கெட்டிக்காரத்தனமான யோசனை. அமெரிக்காவில் 2 வயது முதல் 49 வயது வரைதான் அதற்கு அனுமதி. பெரியவர்களைவிடப் பிள்ளைகளுக்கு நன்றாகப் பிடிக்கும். நம் மூக்கு ஏற்கனவே பல ஃப்ளூ பார்த்துவிட்டதால் வந்ததை உட்காரவே விடாது. ஆனால் அமெரிக்காவில் 2016-லிருந்து இரண்டு சீசன் அதைப் போட வேண்டாம் என்று நிறுத்தி வைத்தார்கள், எதிர்பார்த்த அளவு காக்கவில்லை என்று. பிறகு திரும்பக் கொண்டு வந்தார்கள். அதில் பன்றி ஜெலட்டின் சேர்வதால் நம் நாட்டில் அது வேறு பேச்சு. எங்கள் கதையில் இதெல்லாம் தேவையே படவில்லை: உயிருள்ள கிருமி, வீட்டில் அத்தான், அவள் விசாரித்த கிளினிக்கில் இருந்ததும் ஊசி மட்டும்தான். கையில் ஊசி, எல்லோருக்கும், அத்தானுக்கும் சேர்த்து. ஐந்து நிமிடத்தில் முடிந்த முடிவு.

நாய்க்கடி பற்றி அக்காதான் ஆரம்பித்தார். உறையூர்த் தெருவில் நாய்கள் அதிகம். "நாய் கடிச்சா தொப்புளைச் சுத்திப் பதினாலு ஊசி" என்று சின்ன வயதில் எங்களைப் பயமுறுத்துவார்களே, அது நிஜம். ஆட்டு மூளையில் வளர்த்த பழைய மருந்து அது, அளவு அதிகம், வயிற்றில்தான் இடம் இருந்தது. இந்தியா 2004 கடைசியில் அதை நிறுத்திவிட்டது. இப்போது வழி முற்றிலும் வேறு: ஒன்று தோள்பட்டைத் தசையில், அல்லது தோலுக்குள் 0.1 மில்லி. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் பெரும்பாலும் தோலுக்குள்தான், இரண்டு கையிலும், 0, 3, 7, 28-ஆம் நாட்களில். தசைக்கு வேண்டியதில் ஒரு சின்னப் பங்கு மருந்து தோலுக்குப் போதும், ஏனென்றால் கிருமியைப் பிடித்துக் காட்டும் செல்கள் தோலில்தான் நெருக்கமாக இருக்கின்றன. கொசுவும் நாயும் அட்டையும் கடிக்கும் இடம் அது. காவல் அதிகம் இருக்க வேண்டிய இடம்தான். மருந்து தட்டுப்பாடு வந்தபோது இந்தியாவில் போலியோ ஊசியையும் ஐந்தில் ஒரு பங்காக இப்படித் தோலுக்குள் போட ஆரம்பித்தார்கள். மாறாகப் பிட்டத்தில் போட்டால் கொழுப்புக்குள் போய் வீணாகிவிடும். ரேபிஸ் ஊசியை அங்கே போடவே கூடாது.

ரேபிஸில் இன்னொரு வித்தியாசம். கடித்த இடத்தில் தசையில் இருந்து நரம்பில் ஏறி மூளைக்குப் போகிறது கிருமி, ரத்தத்தின் வழியே இல்லை. எதிர்ப்புச் சக்தியின் கண்ணிலேயே படாமல் பின்வாசல் வழியாகப் போகிற மாதிரி. அதனால்தான் நோய் வந்து பிழைத்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். கடித்தவுடன் சோப்புப் போட்டு 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவச் சொல்வது, ஆழமான கடிக்குத் தயார்நிலை ஆன்டிபாடியைக் காயத்துக்குள்ளேயே குத்துவது, இரண்டும் கிருமி நரம்பில் ஏறுவதற்கு முன் பிடிக்கத்தான். உடம்பு சொந்தமாக ஆன்டிபாடி செய்யக் குறைந்தது ஒரு வாரம் ஆகும்; அதுவரை யாராவது காவல் நிற்க வேண்டுமே. நம் பினாங்கிலேயே 2015-இல் நாய்களில் ரேபிஸ் வந்தபோது நடந்த அமளி நினைவிருக்கும். திருச்சி போகும் இவர்கள் முன்கூட்டியே ஊசி போட்டுக்கொள்ளவில்லை. கடித்தால் அன்றே ஆஸ்பத்திரி என்று முடிவு செய்தார்கள். பிள்ளைகள் கடியை மறைப்பார்கள், அதனால் மூத்தவளிடம் "நாய் கீறினாக்கூடச் சொல்லணும், திட்ட மாட்டோம்" என்று அக்கா சத்தியம் வாங்கிக்கொண்டார்.

சமயபுரம் என்றதும் எனக்கு வேறொன்று நினைவு வந்தது. பெரியம்மை காலத்தில் ஊசி கண்டுபிடிக்கும் முன்பே இந்தியாவிலும் துருக்கியிலும் அம்மை குத்துவது உண்டு. அம்மைக் கொப்புளத்தின் சீழைக் கையில் கீறி ஏற்றுவார்கள். அதே கிருமிதான், பலவீனப்படுத்தியதுகூட இல்லை. மூச்சு வழியாகப் போனால் கொல்லும். தோல் வழியாகப் போனால் பெரும்பாலும் லேசாக வந்து போகும். 1721-இல் பாஸ்டன் நகரில் இதைக் கணக்கெடுத்தார்கள்: இயல்பாக அம்மை கண்ட ஏறக்குறைய 5,900 பேரில் 844 பேர் செத்தார்கள், கையில் குத்திக்கொண்ட சுமார் 240 பேரில் 6 பேர். இன்றைக்கும் அமெரிக்க ராணுவத்தில் ஒரு மாத்திரை உண்டு. சிப்பாய்களுக்குக் கடுமையான காய்ச்சல், நிமோனியா கொடுக்கும் அடினோ வைரஸ் 4, 7 இரண்டையும் அப்படியே உயிரோடு, குடலில் மட்டும் கரையும் பூச்சுப் போட்டு விழுங்கக் கொடுக்கிறார்கள். நுரையீரலில் நோயாக இருப்பது குடலில் பாடமாகிவிடுகிறது. வழி மாறினால் கிருமியின் குணமே மாறிவிடுகிற மாதிரி. நான் இதைச் சொல்லி முடிப்பதற்குள் மூன்றாவது தோசை கருகிவிட்டது.

முடிவுக்கு வருகிறேன். பையனுக்குச் சொட்டு வேண்டாம், ஊசியே போதும். 18 மாத ஊசி திரும்பி வந்ததும். அவள் புத்தகத்தை மூடப் போனாள், மூடாமல் யோசித்தாள்.

"நாத்தனார் பையனுக்கு ஒன்றரை வயசு. அவன் முகாம்ல சொட்டுக் குடிப்பான். ரெண்டும் ஒரே தொட்டியிலதான் குளிக்கப் போகுது சின்னம்மா. இவனுக்குத் தானா வந்துடாதா?"

வரலாம். ஒரே தொட்டி, ஒரே பொம்மை, ஒருத்தன் வாயில் வைத்ததை இன்னொருத்தன் வாயில். இந்தக் கேள்வியை நான்தான் முதலில் யோசித்திருக்க வேண்டும், வெட்கமாகப் போய்விட்டது. சொட்டு மருந்து ஊருக்கு என்று வசனம் பேசினேனே, அந்த ஊருக்குள்தான் இவனும் ஆறு வாரம் இருக்கப் போகிறான். இவனுக்கு அதனால் தீங்கு இல்லை, ஊசி இருக்கிறது. ஆனால் இவன் குடலில் ஏறி, விமானமேறி, பிறையில் தாத்தா மடியில் வந்து உட்காரலாம்.

நாட்காட்டியை எடுத்து எண்ணினோம். முகாம் முதல் வாரத்திலேயே நடந்தால் அவர்கள் திரும்பும்போது அந்தப் பையனின் கணக்கு ஏறக்குறைய முடிந்திருக்கும். ஆனால் இவனுக்கு அவனிடமிருந்து எந்த நாளில் தாவும் என்று யார் சொல்ல முடியும்? அதனால் திரும்பி வந்த நாளிலிருந்து ஆறு வாரம் என்று வைத்துக்கொண்டோம். அந்த ஆறு வாரம் பையனின் டயப்பரை அத்தான் தொடக் கூடாது, கால் கழுவிவிடக் கூடாது, அவன் கடித்த பிஸ்கட்டை வாங்கித் தின்னக் கூடாது. மற்றவர்கள் ஒவ்வொரு டயப்பருக்கும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். கை துடைக்கும் ஜெல் இந்தக் கிருமியிடம் அவ்வளவாகப் பலிக்காது, சோப்பும் தண்ணீரும்தான்.

அன்று சாயங்காலமே அத்தானிடம் சொல்லியாகிவிட்டது. முகத்தை ரொம்பச் சோகமாக வைத்துக்கொண்டு கேட்டாராம், அப்புறம், "ஆறு வாரம் போதுமா, எட்டு வாரமா வச்சுக்கலாமா?" என்று.